கண்ணும் அமானிதமும்



"கடைக்காரருக்குக் காமிரா எதற்கு?" என்று நம்மைக் கேட்காத நண்பர் இல்லை. சிலர் வேடிக்கையாகக் கேட்கின்றனர். சிலர், "பொழுதை வீணாக்குகிறீர்களே" என்னும் கவலையோடு கேட்கின்றனர். மார்க்கப் பற்றுடைய பெரியவர் ஒருவர், "படம் எடுப்பது ஆகுமா, ஆகாதா என்று தெரிந்துகொண்டுதான் எடுக்கிறீர்களா?" என்று பள்ளிவாசல் வாயிலிலேயே நிறுத்திக் கேட்டார். மூன்று கேள்விகளும் நியாயமானவையே. அவற்றுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். ஆயின் எழுத எழுத, நான்காவது கேள்வி ஒன்று எழுந்து மற்ற மூன்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அஃது யாதெனில், அன்றாடக் காட்சியில் நாம் காணும் அழகு யாருக்குச் சொந்தம் என்பதாம். இந்தக் கேள்வியை நம்முள் எழுப்பியவர் ஆலிமும் அல்லர், கலைஞரும் அல்லர். பினாங்கு மார்க்கெட் தெருப் பக்கம் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றிச் செல்லும் ஒரு தொழிலாளி. அவர் கதையைப் பின்னர்க் கூறுவோம்.

நிழலைப் பிடித்தல்

முதற்கண் மார்க்கக் கேள்வி. மதறஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு கல்வி நமக்கில்லை. தீர்ப்புக் கூறும் தகுதியும் இல்லை. அறிந்தோர் கூறியதை எடுத்துச் சொல்வதே நம்மால் இயன்றது.

உருவம் சமைப்போரைக் கண்டிக்கும் நபிமொழிகள் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. அவற்றை முன்னிட்டு நிழற்படமும் ஆகாது என்று கருதும் ஆலிம் பெருமக்கள் இருக்கின்றனர். கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற தேவைகளுக்கு மட்டும் இடம் தருவோரும் உளர். 1914 முதல் 1920 வரை எகிப்து நாட்டின் முப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீயீ அவர்களோ, நிழற்படம் ஆகுமானதே என்று தனி நூலே எழுதினார்கள். இல்லாத ஓர் உருவத்தைக் கையால் உண்டாக்குவது வேறு. இறைவன் படைத்து வைத்த பொருளின் நிழலைப் பிடித்து நிறுத்துவது வேறு என்பது அவர்கள் கொண்ட கருத்து. தமிழில் இக்கலைக்கு நிழற்படம் என்று பெயரிட்டவர் யாரோ நாம் அறியோம். ஆனால் அப்பெயரும் இந்தக் கருத்தையே தன்னுள் அடக்கி நிற்கிறது.

நாம் அந்த முப்தி அவர்களின் கருத்தைப் பின்பற்றுகிறோம். ஆகாது என்று கருதும் சகோதரரோடு வழக்காட மாட்டோம். அவர் நம் படத்தில் இடம் பெறவும் மாட்டார். பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி நமக்கு இடப்பட்ட கட்டளை, காமிராவின் பின்னால் இருக்கும் கண்ணுக்கும் பொருந்தும் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம். கண்ணாடிச் சில்லு ஒன்று இடையில் நிற்பதனால் கண்ணின் பொறுப்பு குறைந்துவிடாது.

ஏன் ஒட்டகம்?

அடுத்தது, பொழுது வீணாகிறதே என்னும் கேள்வி.

திருக்குர்ஆனில் அல்காஷியா என்னும் 88ஆவது அத்தியாயத்தை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் மனிதர்களைப் பார்த்துச் சிந்திக்கச் சொல்லும் பொருள்கள் நான்கு: ஒட்டகம், வானம், மலைகள், பூமி. வானத்தையும் மலையையும் பூமியையும் பார்க்கச் சொன்னதன் காரணம் நமக்கு எளிதில் விளங்குகிறது. அவை பெரியவை. அவற்றிற்கு முன்னே, முதலாவதாக, ஒட்டகம் ஏன்? மதறஸாவில் ஓதிய காலத்தில் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவில்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகு, காமிராவைக் கையில் எடுத்த பிறகே தோன்றியது.

அரபு நாட்டாருக்கு ஒட்டகம் அதிசயப் பொருளா? இல்லை. வாசலில் கட்டிக் கிடப்பது, சுமை சுமப்பது, பால் தருவது. காலையில் எழுந்தால் முதலில் கண்ணில் படுவது. அதாவது, அவர்கள் பார்த்துப் பார்த்துப் பாராமற் போன ஒன்று. அதையே பார்க்கச் சொல்கிறான் இறைவன். விரிவுரைகளில் ஆலிம்கள் இதற்கு இன்னும் ஆழமான பொருள் கூறியிருக்கலாம். ஒரு கடைக்காரரின் சிற்றறிவுக்கு எட்டிய பொருள் இதுதான்: தொலைவில் உள்ள அதிசயத்தைத் தேடி ஓடுமுன் வாசலில் நிற்பதைப் பார்.

நம் வாசலில் ஒட்டகம் இல்லை. மூட்டை இருக்கிறது, தராசு இருக்கிறது, ஐந்தடியில் தேங்கிய நீர் இருக்கிறது, எதிர்க்கடைக்காரரின் தேநீர்க் குவளையிலிருந்து எழும் ஆவி இருக்கிறது. இவற்றைப் பார்ப்பது வீண் பொழுது என்றால், ஒட்டகத்தைப் பார்ப்பதும் வீண் பொழுதே ஆகும். அவ்வாறு கூற எவர் துணிவார்?

பார்த்தலும் உற்று நோக்கலும்

பார்வையைப் பற்றி நம்மவர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெரியதொரு நூல் எழுதியிருக்கிறார். பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து, காஹிராவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்களே அவர். நூலின் பெயர் கிதாபுல் மனாழிர். ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் பலர் நம்பியிருக்க, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதனாலேயே பார்க்கிறோம் என்று சோதனைகளைக் காட்டி நிறுவினார். சிறு துளை வழியே வந்து விழும் ஒளியைக் கொண்டு, கிரகணத்தின்போது சூரியனின் உருவம் எவ்வாறு தோன்றுகிறது என்று ஆராய்ந்து தனி நூல் ஒன்றும் எழுதினார். இருட்டறையும் சிறு துளையுந்தானே காமிரா!

இங்கே ஒரு திருத்தம். காமிரா என்ற சொல்லே அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம்மவர் சிலர் மேடைகளில் பெருமையாகப் பேசுவதுண்டு. அது சரியன்று. அறை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. உள்ள பெருமையே நமக்கு ஏராளமாக இருக்கையில், இல்லாததைச் சேர்த்து எடை கூட்ட வேண்டியதில்லை. தராசு பிடிப்போர் செய்யக்கூடாத வேலை அது.

அந்த நூலில் நம் கட்டுரைக்கு வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. முதலாவது, கண் அறியக்கூடிய தன்மைகள் 22 என்று இப்னுல் ஹைதம் வகுத்துக் கூறுகிறார். ஒளி, நிறம், தொலைவு, வடிவம், அளவு, அசைவு, அமைதி, சொரசொரப்பு, வழவழப்பு, நிழல், இருள் என்று போகும் அந்தப் பட்டியலில் அழகும் ஒன்று, அழகின்மையும் ஒன்று. அழகு தனியே வானிலிருந்து குதிப்பதன்று. மற்றத் தன்மைகள் தனித்தும் சேர்ந்தும், சிறப்பாகத் தமக்குள் பொருத்தமுற அமைந்தும் அதை உண்டாக்குகின்றன என்கிறார். அப்படியாயின் ஒளியும் நிறமும் சொரசொரப்பும் உள்ள சாக்கு மூட்டையும் அழகுக்கு உரியதே.

இரண்டாவது, பார்வையில் இருவகை உண்டு என்கிறார். ஒன்று கண்டவுடன் அறிவது, மற்றொன்று உற்று நோக்கி, ஆய்ந்து அறிவது. நாம் நாள் முழுவதும் முதல் வகைப் பார்வையாலேயே காலம் தள்ளுகிறோம். வருகிறவர் வாடிக்கையாளர், கிடப்பது மூட்டை, போவது வண்டி. பெயர் தெரிந்தவுடன் பார்வை நின்றுவிடுகிறது. இரண்டாவது வகைப் பார்வைக்கு நம்மை இழுத்துச் செல்லும் கயிறாகவே நாம் காமிராவைக் கருதுகிறோம்.

ஒரு தெரு, ஒரு மாதம்

நாம் கற்றுக்கொண்ட முறை எளியது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கையில் இருக்கும் கைத்தொலைபேசியே போதும். நாம் வைத்திருப்பதோ பிறர் பயன்படுத்தி விற்ற பழைய காமிரா. ஒரு மாத காலம், சுபுஹு தொழுதபின் கடை திறக்குமுன் உள்ள நேரத்தில், கடை வாசலிலிருந்து நாற்பது எட்டுக்குள் மட்டும் படம் எடுப்பது என்று நமக்கு நாமே விதி செய்துகொண்டோம்.

முதல் வாரத்தில் எடுக்க ஒன்றும் இல்லை என்றே தோன்றியது. இரண்டாம் வாரத்தில் ஒளியைக் கவனிக்கத் தொடங்கினோம். நம் பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதில்லை. ஏழு மணிக்குப் பின் எழுந்து, நேரே மேலே ஏறிவிடுகிறது. ஆகவே தெருவோடு தாழ்ந்து வரும் பொன்னிற ஒளி நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரமே. அந்த ஒளி பக்கவாட்டில் படும்போது, சுவரில் உரிந்த சுண்ணாம்பும் சாக்கின் இழையும் கொத்தமல்லி விதையின் வரியும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பத்து மணிக்கு அதே சுவர் வெறுஞ்சுவராகிவிடுகிறது. சுவர் மாறவில்லை, ஒளிதான் மாறியது. நாம் முப்பது ஆண்டுகளாக அந்தச் சுவரைப் பத்து மணிக்கே பார்த்து வந்திருக்கிறோம் போலும்!

மூன்றாம் வாரத்தில் அசைவைக் கவனித்தோம். ரொட்டி சானாய் வீசும் தம்பியை 1/500 வினாடியில் எடுத்தால் மாவு விரித்த துணி போல் காற்றில் நிற்கிறது. 1/30 வினாடியில் எடுத்தால் மாவு புகைபோல் கலைந்து, அசையாத அவர் முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அந்த முகத்தில் எத்துணை கவனம்! நாள்தோறும் அவர் கையால் ரொட்டி வாங்கித் தின்றவர்கள் நாம். அவர் முகத்தை அன்றுதான் பார்த்தோம்.

மாத முடிவில் நம் உள்ளத்தில் உண்டானது ஷுக்ரு என்னும் நன்றி உணர்ச்சியே. கடை திறப்பது சுமையாக இருந்த காலைகள் சுமை நீங்கின. இதை வீண் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

வரைந்த சிறுவர்களும் வாழும் சிறுவர்களும்

அன்றாடக் காட்சி நாளையும் இருக்கும் என்று எண்ணி அதை அலட்சியம் செய்கிறோம். அஃது இருப்பதில்லை. சிங்கப்பூரில் யிப் சியோங் ஃபன் (1903-1989) என்னும் நிழற்படக்காரர், படகுகளையும் கடலோர மக்களையும் தெருவில் திரியும் குழந்தைகளையும் எடுத்தே பெயர் பெற்றார். 1984இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1983இல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்து சரக்குத் தோணிகள் அகற்றப்பட்டுவிட்டன. தினமும் கண்ட காட்சி ஒரே ஆண்டில் பழங்கதையாயிற்று.

நம் ஜார்ஜ் டவுனிலும் அதுவே நடந்தது. பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் வந்து, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கட்டுப்பாடு முடிவுற்றது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் பல வெளியேறின. அவர்களோடு தெருவில் விளையாடிய பிள்ளைகளும் போயினர். 2008இல் யுனெஸ்கோ நம் ஊரை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. 2012இல் எர்னஸ்ட் ஸகரேவிச் என்னும் லிதுவேனிய ஓவியர், அர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் செல்லும் இரு சிறுவர்களை வரைந்தார். சைக்கிள் உண்மையானது, சிறுவர்கள் ஓவியம். நல்ல ஓவியந்தான். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வெளியூர் மக்கள் வரிசையில் நிற்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். ஒருநாள் அந்த வரிசையை ஒட்டி உண்மையான சிறுவன் ஒருவன், தன் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் போனான். வரிசையில் நின்ற எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வழியை மறைக்கிறான் என்று ஒருவர் முகஞ்சுளிக்கவும் செய்தார்.

அன்று நாம் அவர்களை எண்ணி நகைத்தோம். நமக்குப் பார்வை இருக்கிறது, அவர்களுக்கு இல்லை என்று உள்ளூரப் பெருமை கொண்டோம். அந்தப் பெருமைக்கு விரைவிலேயே தண்டனை கிடைத்தது.

வண்டிக்காரக் காக்கா

நம் கடைக்கு இரண்டு கடை தள்ளி மூட்டை ஏற்றி இறக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். கீழக்கரைப் பக்கத்தவர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பல ஆண்டுகளாக இங்கே பாடுபட்டவர். நாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். ஒருநாள் காலை, வெங்காய மூட்டைகளை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு, கிழக்கே ஒளி வரும் திசையை நோக்கி அவர் போனார். முதுகு வில்லாய் வளைந்திருந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நிழல் நம் கடை வாசல் வரை நீண்டு கிடந்தது. படத்தை எடுத்துவிட்டோம். அவருக்குத் தெரியாது.

நாம் எடுத்த படங்களில் அதுபோல் ஒன்று அமைந்ததில்லை. பெருநாள் ஒன்றுகூடலில் உறுப்பினர்களின் கைவேலைகளை வைத்திருந்த பலகையில் அதையும் மாட்டினார்கள். பாராட்டாதவர் இல்லை. "உழைப்பின் அழகு" என்று ஒருவர் தலைப்பும் இட்டார். நமக்குத் தலைகால் தெரியவில்லை. பார்த்த ஒருவர் அந்தப் படத்தைத் தம் கைத்தொலைபேசியில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் பிறருக்கு அனுப்ப, நான்கே நாளில் அது கடல் கடந்து காக்காவின் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள் இஷாவுக்குப் பின் காக்கா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் சொல்றாங்க. ஆனா புள்ளைகள்ட்ட நான் கடையில கணக்கு எழுதுறேண்டு சொல்லி வச்சிருந்தேன். மக பாத்துட்டு அழுதுச்சு. 'இனிமே ஒண்ணும் அனுப்ப வேணாம், வந்துருங்க வாப்பா'ண்டு சொல்லுது. கடைசி மகளுக்கு நிக்காஹ் பேசி வச்சிருக்கு. இப்ப எப்புடிப் போறது?"

இவ்வளவே சொன்னார். கோபிக்கவில்லை. குற்றம் சாட்டவுமில்லை. சலாம் கூறிப் போய்விட்டார்.

நாம் அவருக்கு ஒரு மறுமொழி வைத்திருந்தோம். தன் கையால் உழைத்து உண்ணும் உணவினும் சிறந்த உணவு இல்லை என்னும் கருத்துள்ள நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தாவூது நபி (அலை) அவர்களும் தம் கை உழைப்பாலேயே உண்டார்கள் என்பதையும் அதில் காண்கிறோம். ஆகவே, "உழைப்பில் இழிவு என்ன காக்கா?" என்று கேட்க வாயெடுத்தோம். நல்ல வேளையாக வாய் மூடிற்று. சொல்ல இருந்தது உண்மைதான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், மூட்டை தூக்கும் முதுகைப் பார்த்து அதைச் சொல்லலாமா? உழைப்பு இழிவன்று என்பதை அவர் நம்மைவிட நன்கு அறிந்தவர். ஊரார் அதை இழிவாகக் காண்பர் என்பதையும் அவர் அறிவார். பிள்ளைகளின் மனம் நோகாமல் இருக்கத் தம் சுமையைத் தாமே மறைத்து வைத்திருந்தார். அந்த மறைவை நாம் அழகு என்று பெயரிட்டு, பலகையில் தொங்கவிட்டோம். மறைத்துச் சொன்னதற்கு அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்வார். வெளிப்படுத்தியதற்கு நாமல்லவா பதில் சொல்ல வேண்டும்?

நபிமொழியின் மறுபாதி

இறைவன் அழகை விரும்புகிறான் என்னும் கருத்துள்ள நபிமொழியைக் கலையைப் போற்றுவோர் எல்லாரும் எடுத்துக் காட்டுவர். நாமும் பலமுறை காட்டியிருக்கிறோம். அன்றிரவு அதை ஸஹீஹ் முஸ்லிமின் மொழிபெயர்ப்பில் முழுவதும் எடுத்து வாசித்தோம். அது பெருமையைப் பற்றிய பேச்சில் வருவது. உள்ளத்தில் அணுவளவு பெருமை உடையவர் சுவர்க்கம் புகார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, நல்ல உடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்கிறார். ஆகாது, அழகை விரும்புவது இறைவனுக்கு உகந்ததே என்று விளக்கிவிட்டு, பெருமை என்பது இன்னதென்று உடனே கூறுகிறார்கள்: உண்மையை மறுப்பதும், மனிதர்களைத் துச்சமாக எண்ணுவதும்.

நாம் முற்பாதியை வைத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டோம். அழகை நேசித்தது குற்றமன்று. அந்த அழகுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கின்றனர், அவர்களிடம் அவருக்கு ஒரு மானம் இருக்கிறது என்பதை எண்ணாததே குற்றம். அவரை மதிக்கவில்லை என்று நாம் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அன்று காலை அவர் முதுகின் வளைவையும் சட்டையின் ஈரத்தையும் நிழலின் நீளத்தையும் அளந்த நம் கண், அவரிடம் ஒரு சொல் கேட்க நேரமில்லாமல் போனது. இதற்குத் துச்சமாக எண்ணுதல் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

நம் சமூகம் முழுவதற்கும் இதில் பாடம் உண்டு. நாசி கண்டார் என்னும் பெயரில் உள்ள கண்டார் என்ற மலாய்ச் சொல், தோளில் தடி வைத்து இருபுறமும் பாரத்தைத் தொங்கவிட்டுச் சுமப்பதைக் குறிக்கும். நம் முன்னோர் அவ்வாறு சோறு சுமந்து தெருத் தெருவாக விற்றனர். இன்று குளிரூட்டிய உணவகங்கள் சிலவற்றின் சுவரில் தடி சுமக்கும் மனிதரின் படம் அலங்காரமாகத் தொங்குகிறது. பார்க்க அழகாகவே இருக்கிறது. அவர் பெயர் என்ன, தோள் வலித்ததா என்று கேட்பாரில்லை. பழைய சுமையைப் போற்றும் நாம், அதே வாசலில் இன்று மூட்டை இறக்குபவரின் பெயரையாவது அறிந்திருக்கிறோமா?

கடைக்காரருக்கு அமானிதம் என்ற சொல் நன்கு தெரியும். ஒருவர் தம் பொருளை நம்பி வைத்துப் போகிறார். அது நம் அலமாரியில் இருக்கலாம், நம் சாவிக்குள் இருக்கலாம். நம்முடையதன்று. எடுத்துக் கொடுக்கும் உரிமை அவருக்கே உண்டு. பிறருடைய உருவமும் அப்படியே என்று இப்போது கருதுகிறோம். ஒளி யாருக்கும் சொந்தமன்று, அது அல்லாஹ்வின் கொடை. சுவரும் சாக்கும் நீரும் ஆவியும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம். மனிதர் வந்து அந்த ஒளியில் நின்றவுடன் கணக்கு மாறிவிடுகிறது. படம் நம் கருவியில் இருக்கிறது, மானம் அவருடையது.

"முன்னரே கேட்டால் மனிதர் விறைத்துக்கொள்வார், காட்சி கெட்டுப்போகும்" என்று படம் எடுக்கும் நண்பர்கள் கூறுகின்றனர். உண்மைதான். ஆகவே எடுத்தபின் கேட்கிறோம். படத்தை அவருக்கே முதலில் காட்டுகிறோம். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறோம். சம்மதித்தாலும், எங்கே காட்டப்போகிறோம் என்பதைச் சொல்லுகிறோம். இதனால் நல்ல படங்கள் சில போயின. போகட்டும். நட்டமில்லாத வியாபாரம் எங்கே இருக்கிறது?

இரண்டாவது படம்

சில நாள் கழித்துக் காக்கா தாமாகவே வந்தார். "தம்பி, ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேணும். ஒங்க கல்லாவுல உக்காந்த மாதிரி ஒண்ணு எடுத்துத் தர்றீகளா?" என்றார்.

நாம் திகைத்தோம். நாம் எடுத்த படம் உண்மையாக இருந்து அவர் மனத்தைப் புண்படுத்தியது. அவர் கேட்கும் படம் மனத்தை ஆற்றும், ஆனால் பொய். மறுக்கவும் முகமில்லை, எடுக்கவும் மனமில்லை. ஒன்றும் பேசாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வேணாம் தம்பி. அதுகதான் பாத்துருச்சே. இனிமே எதுக்கு?" என்றார்.

அடுத்த ஜும்ஆ தொழுகை முடிந்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்தார். தம் வண்டியருகே நின்றார். வண்டி காலி. கைப்பிடியில் ஒரு கை, முகம் நம்மை நேரே பார்த்து. நண்பகல் வெயில் தலைக்கு மேல். நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்தது. கலை அறிந்தவர் அந்தப் படத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பார்கள். ஒளி தட்டை, நிற்கும் விதம் விறைப்பு. முதற்படமே அழகானது என்று இன்றும் நம் கண் சொல்லுகிறது. பொய் சொல்லுவானேன்? ஆனால் அதை நாம் இனி எவருக்கும் காட்டோம். இரண்டாவது படத்தைத் தாளில் போட்டு அவர் கையில் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, உறையில் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊரில் அதை என்ன செய்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

கடைசி மகளின் நிக்காஹுக்கு ஊர் சென்ற காக்கா இன்னும் திரும்பவில்லை. திரும்பாமல் பிள்ளைகளோடு இருக்கவே அல்லாஹ் நாடியிருந்தால் அதுவே நலம். இப்பொழுது அந்த வண்டியை வேறொருவர் தள்ளுகிறார். வங்காள தேசத்து இளைஞர். காலை ஒளி அதே இடத்தில், அதே சாய்வில் விழுகிறது. முதல் நாள் அவரைப் பார்த்தவுடன் நம் கை காமிராவுக்குப் போயிற்று. பிறகு அதைக் கல்லா மேலேயே வைத்துவிட்டு, தெருவில் இறங்கிப் போய், சலாம் கூறி, அவர் பெயரைக் கேட்டோம்.

காண்பதற்குக் கண்ணைத் தந்த அல்லாஹ், கண்டதைப் பேணும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.